கொரோனாவில் அப்பாவை இழந்த தோழியை நேரில் போய்ப் பார்க்க முடியவில்லை. போனில் எப்படி ஆறுதல் சொல்வது?

“தைரியமா இரு”, “விதி அவ்வளவுதான்” இரண்டையும் முதலில் விட்டுவிடுங்கள். 2021-ல் என் அண்ணன் ஐசியூவில் இறந்தபோது, இப்படி ஆரம்பித்த போன்களை நான் பாதியிலேயே வைத்துவிடுவேன். என்னைப் பேசவிட்டவர் அண்ணனுடைய நண்பர் ஒருவர்தான். “கடைசியா எப்பப் பேசுன? என்ன சொன்னான்?” என்று கேட்டார். நர்ஸ் பிடித்திருந்த வீடியோ காலில் ஆக்ஸிஜன் மாஸ்க்கும் சீலிங்கும்தான் மாறி மாறித் தெரிந்தன, ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை என்றேன். அதையே நாலு தரம் சொல்லியிருப்பேன். மனுஷன் அவசரப்படுத்தவே இல்லை.

உங்கள் தோழியையும் அந்தக் கடைசி நாட்களைப் பற்றிக் கேளுங்கள். முகம் பார்க்காத சாவை மனசு லேசில் நம்பாது. இறந்தவரின் உடலைத் தொடாமல் பார்க்க விரும்பும் குடும்பத்தினரை அனுமதிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சிலேயே சொல்லியிருந்தது. பல இடங்களில் அதற்கும் விடவில்லை. அவள் கோபப்பட்டால் சமாதானம் பண்ணப் பார்க்காதீர்கள், கோபம் நியாயமானது.

“நான்தான் வெளியே போய் ஒட்டிக்கிட்டு வந்து அப்பாவுக்குக் கொடுத்துட்டேன்” என்று அழவும் கூடும். “அப்படியெல்லாம் இல்லடி” என்று சட்டென்று மறுத்தால் அத்தோடு வாயை மூடிக்கொள்வாள். கொட்டித் தீர்க்கட்டும். அறிகுறியே இல்லாதவர்களிடமிருந்தும் பரவிய நோய் இது, யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது என்பதைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

“ஏதாவது வேணும்னா சொல்லு” என்றால் யாரும் கேட்கப் போவதில்லை. இறப்புச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, இன்சூரன்ஸ் என்று எத்தனையோ அலைச்சல் இருக்கும். “இன்சூரன்ஸ் படிவத்தை நான் பார்த்துக்கறேன்” என்று ஒன்றைக் கையில் எடுங்கள். ஜூமில் அஞ்சலிக் கூட்டம் வைத்தால் அப்பாவை நன்றாகத் தெரிந்த பத்துப் பேர் போதும். கூட்டம் சேர்ந்தால் எல்லாரும் மைக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

முதல் இரண்டு வாரம் போன் ஓயாது, அப்புறம் சுத்தமாக நின்றுபோகும். நீங்கள் அப்போதுதான் தேவை. “பதில் போடணும்னு இல்ல” என்று சேர்த்து ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாலும் போதும். அப்பாவின் பிறந்தநாளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறு மாதம் தாண்டியும் அன்றாட வேலையே ஓடாத அளவுக்குத் துக்கம் அப்படியே இருந்தால் மனநல மருத்துவரிடம் பேசச் சொல்லுங்கள். ஐசிடி-11 என்ற சர்வதேச நோய்ப் பட்டியலில் இது தனிக் கோளாறாகவே இருக்கிறது. “நானும் போயிடறேன்” என்கிற மாதிரிப் பேசினால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். வீட்டில் உள்ளவர்களிடம் சொல்லி அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போகச் சொல்லுங்கள்.