முதல் ஒரு புள்ளி

கடிதம்:
வணக்கம். மகனுக்கு 17 வயது. கொழும்பில் நடந்த ஜே30 என்ற கீழ்மட்ட சர்வதேச ஜூனியர் டென்னிஸ் போட்டிகள் இரண்டில் காலிறுதிவரை வந்தான். ஜூனியரை விட்டுவிட்டு, துனீசியாவில் ஆறு கிழமை நின்று எம்15 என்ற தொடக்கநிலைத் தொழில்முறைப் போட்டிகள் விளையாடட்டும் என்கிறார் பயிற்றுநர். அடுத்த வருசம் உயர்தரப் பரீட்சை. அதைத் தள்ளிப்போடலாமா?
– ஒரு தகப்பன், மானிப்பாய்

பதில்:
அன்பின் ஐயா,

பரீட்சையைத் தள்ளிப்போட வேண்டாம். துனீசியாவும் இப்போதைக்கு வேண்டாம்.

ஜூனியர் புள்ளி ஒன்றுகூட ஏடிபி என்ற ஆண்கள் உலகத் தரவரிசைக் கணக்கில் சேராது. தம்பி அங்கே பூச்சியத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். எம்15இல் மொத்தப் பரிசே 15,000 டொலர். 32 பேர் ஆடும் பிரதான சுற்றில் ஒரு ஆட்டம் வென்றால் 1 புள்ளி, பட்டம் வென்றால் 15. தரவரிசை இல்லாதவனுக்குத் தகுதிகாண் சுற்றே கிடைக்கும். அங்கே முதல் ஆட்டத்தில் தோற்றால் அந்தக் கிழமை முடிந்தது, ஹோட்டல் கணக்கு மட்டும் ஓடும். துனீசியாவின் மொனாஸ்டிரில் கிழமை தவறாமல் போட்டி நடப்பது வசதிதான். ஆனால் ஆறு கிழமையில் ஆறே ஆட்டம் ஆடிவிட்டு வரும் பிள்ளைக்கு அதனால் என்ன பயன்?

18 வயதாகும் வருசம் டிசம்பர் 31 வரை ஜூனியரில் ஆடலாம். அந்தக் காலத்தை ஜே30க்கு மேல்மட்டங்களான ஜே60, ஜே100இல் செலவழியுங்கள். இந்திய வீரர் யூகி பாம்ப்ரி 2009இல் அவுஸ்திரேலிய ஓப்பன் ஜூனியர் பட்டம் வென்றவர். அவரே ஏடிபி முதல் நூறுக்குள் வந்தது 2015இல்தான். உயர்தரம் கையிலிருந்தால் அமெரிக்கப் பல்கலைக்கழக வழியும் திறந்திருக்கும். பிரித்தானிய வீரர் கமரன் நோரி அப்படி வந்தவர்.

இடையில் திருத்த வேண்டியது, முதல் சேர்வ் தவறினால் அடிக்கும் இரண்டாவது சேர்வ். ஜூனியரில் அது இடுப்புயரத்தில் மெதுவாக எழும்பினாலும் தப்பலாம். எம்15இல் எதிரே நிற்பவருக்கு 24, 25 வயது. பின்கோட்டுக்கு உள்ளே ஒரு அடி எடுத்துவைத்து அதை அடித்து முடித்துவிடுவார். வலைக்கு மேலே ஒரு மீற்றர் உயரத்தில் கயிறு கட்டுங்கள். பந்து கயிற்றுக்கு மேலால் சுழன்று போய், சேர்வீஸ் பெட்டியின் கடைசி மீற்றருக்குள் விழுந்து தோளுயரம் எழும்ப வேண்டும். நாளுக்கு 60 பந்து, எண்ணி எழுதிவையுங்கள். சோளகம் வீசும் பின்னேரங்களிலும் விடாமல் அடிக்கட்டும். காற்றில் பந்தை மேலே எறியும் கை தடுமாறினால் எறியும் உயரத்தைக் குறைக்கச் சொல்லுங்கள்.

பரீட்சை முடிந்தபின், இந்தியாவில் எம்15 அடுத்தடுத்து மூன்று கிழமை வரும் நேரம் பார்த்து அனுப்புங்கள். பலாலியிலிருந்தே சென்னைக்கு விமானம் உண்டு. இரட்டையரிலும் பெயர் கொடுக்கட்டும், ஒற்றையரில் தோற்றாலும் ஆட்டம் கிடைக்கும். மூன்று ராக்கெட்டும் 200 மீற்றர் நரம்புச் சுருள் ஒன்றும் கொண்டுபோகட்டும். ஒரு ராக்கெட்டுக்கு 12 மீற்றர் போகும். பொலியெஸ்டர் நரம்பு அறாவிட்டாலும் இறுக்கம் போய்விடும், அறும்வரை காத்திருந்தால் முழங்கைதான் வலிக்கும். சர்வதேச டென்னிஸ் சம்மேளனத்தின் வீரர் பதிவான ஐபினை முதலே முடித்துவிடுங்கள். பெயர் கொடுக்கும் கடைசி நேரம் கிரீனிச் 14:00 மணி, எங்களுக்கு இரவு 7:30. அதில் பலர் பிந்திவிடுகிறார்கள்.

இன்னொன்று. இந்த மட்டத்துப் போட்டிகளைத்தான் சூதாட்டக்காரர் குறிவைக்கிறார்கள். ஒரு செட்டை விட்டுக்கொடுத்தால் காசு என்று முன்பின் தெரியாத ஒருவர் தம்பியின் போனுக்குச் செய்தி அனுப்பக்கூடும். அதை அழிக்காமல் உடனே டென்னிஸ் நேர்மையைக் கண்காணிக்கும் ஐடிஐஏ அமைப்புக்கு அறிவிக்கச் சொல்லுங்கள். காசு வாங்காவிட்டாலும், அறிவிக்காமல் விடுவதே தண்டனைக்குரிய குற்றம்.