கோயில் காசும் சம்பளச் சீட்டும்

கேள்வி: தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நானும் அம்மாவும் வேலை செய்கிறோம். மாரியம்மன் திருவிழாவுக்கென்று மாதாமாதம் எல்லாருடைய சம்பளத்திலும் ஆபீஸில் காசு பிடிக்கிறார்கள். எனக்குச் சாமி நம்பிக்கை இல்லை. லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) உள்ள வேதக்காரர்களுக்கும், அதாவது கிறிஸ்தவர்களுக்கும், பிடிக்கிறார்கள். கேட்டால், "சாமி காசுக்கா கணக்குக் கேட்கிறாய்?" என்கிறார் தலைவர். அம்மா அழுகிறார். அவர் மனம் நோகாமல் எப்படிக் கேட்பது?

பதில்: தம்பி, முதலில் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். ஈ.பி.எஃப். என்கிற ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதத்தைப் பிடிக்கச் சொல்வது சட்டம்; அதற்கு யார் சம்மதமும் தேவையில்லை. கோயில் காசு அப்படியில்லை. தொழிலாளி சம்மதித்தால்தான் அதைப் பிடிக்கலாம். தலைவர் எல்லாருக்குமாகச் சேர்த்துத் தலையாட்டியது உங்கள் சம்மதம் ஆகாது. ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய இடம் கோயிலடி இல்லை, ஆபீஸ். "நான் சம்மதித்துக் கையெழுத்து வைத்த கடுதாசி எங்கே? இல்லையென்றால் அடுத்த மாதத்திலிருந்து என் பேரில் பிடிக்க வேண்டாம்." இவ்வளவுதான். இதில் அம்மனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை; தலைவர் இழுத்தாலும் நீங்கள் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

கோயில் கமிட்டிக்காரர்களைக் கெட்டவர்கள் என்று நினைக்கவும் வேண்டாம். லயம் லயமாய் ஏறி இறங்கிக் காசு சேர்ப்பது பெரும்பாடு. கொழும்புக் கடைகளில் நிற்கும் பிள்ளைகள்கூட வந்து சேருவது தேர் அன்றைக்குத்தான். ஆனால் ஆபீஸ் பிடித்துக் கொடுக்கத் தொடங்கியதும் காணிக்கை வரியாகிவிடுகிறது. கும்பிடுகிறவருக்கும் அது குறைதான், கொடுத்தோம் என்ற நிறைவு அவருக்கு இல்லாமல் போகிறது. இலங்கை அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை விரும்பிய மதத்தை, நம்பிக்கையை வைத்துக்கொள்ளும் உரிமையை எல்லாருக்கும் தருகிறது. அம்மாவின் பக்திக்கும் உங்கள் மறுப்புக்கும் அதில் ஒரே இடம்தான்.

அதனால் அம்மாவின் பேரில் பிடிப்பதை நிறுத்தச் சொல்லி நீங்கள் எழுதக் கூடாது. அது அவருடைய உழைப்பு, அவருடைய நேர்த்தி. இதை அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்; பாதி அழுகை அங்கேயே நிற்கும். காப்புக் கட்டிய பிறகு இந்தப் பேச்சையே எடுக்காதீர்கள். திருவிழா முடிந்து, கமிட்டி கணக்கு வாசிக்கும் நேரம் பார்த்துக் கேளுங்கள். அன்னதானத்துக்குக் கையில் ஏதாவது கொடுக்க மனமிருந்தால் கொடுங்கள், அதில் முரண்பாடு எதுவுமில்லை.

பேஸ்புக்கில் மட்டும் போட வேண்டாம். மத உணர்வைப் புண்படுத்துவதற்கு எதிரான பிரிவுகள் தண்டனைச் சட்டக்கோவையில் இருக்கின்றன. 2019இல் ஒரு சிங்களச் சிறுகதைக்காக அதன் எழுத்தாளர் மாதக்கணக்கில் விளக்கமறியலில் கிடந்தார். அந்தச் சட்டங்களைப் பயன்படுத்தும் விதம் எனக்கும் பிடிக்கவில்லை, ஆனால் உங்களுக்கு வேண்டியது சம்பளக் காசு, வழக்கு இல்லை.

ஆபீஸ் அசையாவிட்டால், கடிதத்தின் பிரதியோடும் சம்பளச் சீட்டுகளோடும் தொழில் திணைக்கள அலுவலகத்தில் எழுத்து மூலம் முறையிடலாம். அரசு நடத்தும் தோட்டம் என்றால் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் போகலாம். உயர் நீதிமன்றத்தில் (சுப்ரீம் கோர்ட்டில்) அடிப்படை உரிமை வழக்குப் போட ஒரு மாதம்தான் தவணை, அதனால் தேதிகளைக் குறித்து வையுங்கள்.

அப்புறம், வேதக்காரர் வீடுகளுக்காக நீங்களாக எழுதிக் கொடுக்காதீர்கள். அக்கம்பக்கத்துத் திருவிழா என்று விரும்பியே கொடுக்கிறவர்களும் அவர்களில் இருக்கலாம், அவர்களையே கேளுங்கள்.