ஷெல்வ் கோப்பில் சேர்த்தது ஏன் சேமிக்கப்படவில்லை?

பைத்தானில் ஷெல்வ் (shelve, மதிப்புகளைக் கோப்பில் சேமித்துவைக்கும் நூலகம்) கோப்பைத் திறந்து, 'மாலா' என்ற கீயில் இருக்கும் லிஸ்டில் 87 என்ற மதிப்பெண்ணை அப்பெண்ட் செய்கிறீர்கள், அதாவது கடைசியில் சேர்க்கிறீர்கள். பிழை எதுவும் வரவில்லை, ஆனால் மறுபடி திறந்தால் 87-ஐக் காணோம். ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஷெல்வ் பார்க்க டிக்சனரி மாதிரிதான் இருக்கும். ஆனால் தரவு இருப்பது வட்டில். ஒரு கீயைக் கேட்டதும், கோப்பில் உள்ள பைட்டுகளைப் பிக்கிள் (pickle, பைத்தான் மதிப்புகளைப் பைட்டுகளாக்கித் திரும்பப் பிரிக்கும் நூலகம்) மூலம் பிரித்து, லிஸ்டின் ஒரு நகலை உங்கள் கையில் தருகிறது. 87 சேர்ந்தது அந்த நகலில். அந்தக் கீக்குச் சமக்குறி போட்டு மதிப்பைக் கொடுத்தால்தான் கோப்பில் எழுதப்படும். ஆகவே லிஸ்டை ஒரு மாறியில் எடுங்கள், 87-ஐச் சேருங்கள், அப்புறம் அந்த மாறியை அதே 'மாலா' கீக்குத் திரும்பக் கொடுங்கள். அவ்வளவுதான்.

திறக்கும்போதே ரைட்பேக் (writeback) என்ற அமைப்பை ட்ரூ என்று வைத்தாலும் வேலை நடக்கும். ஆனால் நீங்கள் தொட்ட எல்லாப் பதிவும் நினைவகத்தில் தங்கி, மூடும்போது மொத்தமாகத் திரும்ப எழுதப்படும். பெரிய கோப்பு என்றால் இழுக்கும். எனக்கு முதல் வழிதான் பிடிக்கும். எப்படியானாலும் வித் (with) போட்டுத் திறங்கள், கோப்பு தானாக மூடிக்கொள்ளும்.

ஷெல்வுக்கு அடியில் இருப்பது டிபிஎம் (dbm), கீயையும் அதன் மதிப்பையும் கோப்பில் வைக்கும் எளிய தரவுத்தளம். 1979-இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன் எழுதிய நூலகத்தின் வழியில் வந்தது. அதில் பல வகை உண்டு, ஒரு வகைக் கோப்பை இன்னொன்று படிக்காது. அதனால் வேறு கணினிக்குக் கொண்டுபோனால் திறக்காமல் போகலாம்.

இன்னொன்று: முன்பின் தெரியாதவர் அனுப்பிய ஷெல்வ் கோப்பைத் தயவுசெய்து திறக்காதீர்கள். பிக்கிள் பிரிக்கும்போதே உள்ளே ஒளித்துவைத்த நிரல் ஓடிவிடக்கூடும்.