ஆவாரம்பூ குடித்தால் மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: எனக்கு வயது 54. ஏழு வருடமாகச் சர்க்கரை நோய். மெட்பார்மின், கிளிமிபிரைடு சாப்பிடுகிறேன். இரண்டு மாதமாகக் காலையில் காபிக்குப் பதில் ஆவாரம்பூ கஷாயம் குடிக்கிறேன். வெறும் வயிற்றுச் சர்க்கரை 160-லிருந்து 128-க்கு வந்துவிட்டது. மாத்திரையை நிறுத்திவிடலாமா டாக்டர்? - வாசகி, திருமங்கலம்

பதில்: வேண்டாம் அம்மா, நிறுத்தாதீர்கள். 128 நல்ல செய்திதான். ஆனால் அந்த எண், மாத்திரையும் உள்ளே இருக்கும்போது வந்த எண். இன்னொன்றையும் கவனியுங்கள். "காபிக்குப் பதில்" என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட காபி தினமும் நின்றுபோனதே ஒரு காரணமாக இருக்கலாம். பூவுக்கு எவ்வளவு பங்கு, காபியை விட்டதற்கு எவ்வளவு பங்கு என்று இந்த ஒரு எண்ணை வைத்துப் பிரிக்க முடியாது.

ஆவாரையை நான் குறைத்துச் சொல்லவில்லை. மழை பொய்த்த வருடத்திலும் கரட்டு மேட்டில் கொத்துக் கொத்தாக மஞ்சள் பூக்கிற செடி, பொங்கலுக்குக் காப்புக் கட்ட நாம் தேடிப் போகிற செடி அது. அதன் பூச்சாறு, சர்க்கரை நோய் உண்டாக்கப்பட்ட எலிகளுக்குச் சர்க்கரையைக் குறைத்ததை அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002-இல் வெளியிட்டார்கள். ஆனால் எலிக்குக் கொடுத்த அளவை வைத்து, நம் டம்ளருக்கு எத்தனை பூ என்று கணக்குப் போட முடியாது.

என் கவலை கிளிமிபிரைடு பற்றித்தான். அந்த மாத்திரை, நீங்கள் உணவு சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்க்காமல் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். கஷாயமும் சேர்ந்து, இட்லி பத்து மணிக்குத் தள்ளிப்போனால் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். கை நடுங்கி, குப்பென்று வியர்த்து, நெஞ்சு படபடத்தால் உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். கருவி கையில் இல்லையென்றால் காத்திருக்காதீர்கள், முதலில் சர்க்கரையைக் குடியுங்கள்.

சரி, கஷாயத்தில் கருப்பட்டியோ தேனோ சேர்க்கிறீர்களா? பலர் சேர்க்கிறார்கள். அதுவும் சர்க்கரைதான்.

மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையை எடுத்துக்கொண்டு உங்கள் மருத்துவரைப் பாருங்கள். மாத்திரையைக் குறைக்க இடமிருந்தால் அவரே குறைப்பார். பூப் பொட்டலத்தையும் கொண்டு போங்கள். ஆவாரை என்று நினைத்து நிலாவரைப் பொடியை வாங்கிக் குடித்து, நான்கு நாள் வயிற்றுப்போக்கோடு என்னிடம் வந்த பெரியவர் ஒருவர் உண்டு. அது பேதி மருந்து.