மூளையில் வயர் அறுந்துவிட்டதா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

திண்டுக்கல்லில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வணிகக் கணிதம் எடுக்கிறேன். மகன் பிளஸ் ஒன். ஒரு வருடமாக இரவு இரண்டு, மூன்று மணி வரை கைபேசிதான். கூட்டாளிகளோடு கேம், இடையில் ரீல்ஸ். பத்தாம் வகுப்பில் 450க்கு மேல் எடுத்தவன் காலாண்டில் இரண்டு பாடத்தில் ஃபெயில். போனைப் பிடுங்கினால் சாப்பிட மாட்டான். ஒருமுறை கதவை உதைத்துத் தாழ்ப்பாள் பெயர்ந்துவிட்டது.

இணைய அடிமைத்தனம் பிள்ளைகளின் மூளை இணைப்பையே மாற்றிவிடுவதாக லண்டன் ஆய்வு சொல்கிறது என்று வாட்சப்பில் வந்ததைப் படித்த நாளிலிருந்து தூக்கமில்லை. இங்கே ஒரு கவுன்சலிங் மையத்தில் ‘பிரெயின் மேப்பிங்’ எடுத்தால் எவ்வளவு பாதிப்பு என்று சொல்லிவிடலாம் என்கிறார்கள். என் கணவர் எம்ஆர்ஐயே எடுத்துவிடலாம் என்கிறார். எதை எடுப்பது? மாறிய இணைப்பு பழையபடி திரும்புமா?

எம்.

*

அன்புள்ள எம்.,

இரண்டையும் எடுக்க வேண்டாம். நீங்கள் தேடும் பதில் அந்தப் படங்களில் இருக்காது. சாதாரண எம்ஆர்ஐ மூளையின் வடிவத்தைக் காட்டும்: கட்டி, ரத்தக்கசிவு, வீக்கம். உங்கள் மகனுக்கு அநேகமாக ‘நார்மல்’ என்றுதான் வரும். பிறகு ஒவ்வொரு சண்டையிலும் அந்த ரிப்போர்ட்டை அவன் உங்களிடமே நீட்டுவான்.

நீங்கள் படித்த செய்தி 2024 ஜூனில் வந்த ஒரு கட்டுரையைப் பற்றியது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த மேக்ஸ் சாங், ஐரீன் லீ இருவரும் எழுதியது. பிளாஸ் மென்டல் ஹெல்த் இதழில் வெளியானது. அவர்கள் புதிதாக யாரையும் ஸ்கேன் செய்யவில்லை. ஏற்கெனவே வந்திருந்த 12 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். அவற்றில் இருந்த இணைய அடிமைத்தனம் கொண்ட பிள்ளைகள், 10 முதல் 19 வயது வரை, மொத்தம் 237 பேர். வகுத்துப் பாருங்கள், ஓர் ஆய்வுக்கு 20 பேர்கூட முழுசாக வரவில்லை. பெரும்பாலானவை சீனா, கொரியா போன்ற ஆசிய நாடுகளில் நடந்தவை. கண்டது இவ்வளவுதான்: திட்டமிடவும் அடக்கிக்கொள்ளவும் உதவும் நிர்வாக வலைப்பின்னலின் பகுதிகளுக்கிடையே இணைப்பு பொதுவாகக் குறைந்திருந்தது. சும்மா இருக்கும்போது ஓடும் இயல்புநிலை வலைப்பின்னலில் சில இடத்தில் கூடியும் சில இடத்தில் குறைந்தும் இருந்தது. செய்தியாக மாறியபோது அந்தக் ‘கூடியும் குறைந்தும்’ காணாமல் போய்விட்டது.

இந்த ‘இணைப்பு’ என்ற சொல்தான் எல்லோரையும் பயமுறுத்துகிறது. கேட்டவுடன் மூளைக்குள் வயர் ஓடுவதாகவும் அது அறுந்துவிட்டதாகவும் மனதில் படம் விழுகிறது. ஆனால் இங்கே இணைப்பு என்றால் நீங்கள் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு நடத்தும் கார்ல் பியர்சனின் ஒட்டுறவுக் கெழு, r: இரண்டு எண் வரிசைகள் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்ற அளவு. அதேதான்.

பையனை எஃப்எம்ஆர்ஐ (மூளையின் வடிவத்தை அல்ல, வேலையைக் காட்டும் எம்ஆர்ஐ) கருவிக்குள் படுக்க வைத்து, ஒன்றும் யோசிக்காமல் சும்மா இரு என்பார்கள். 2 நொடிக்கு ஒருமுறை மூளை முழுவதையும் படம் எடுக்கும் கருவி 8 நிமிடத்தில் 240 படங்களைச் சேர்த்துவிடும். மூளையைச் சுமார் 3 மில்லிமீட்டர் கனசதுரங்களாகப் பிரித்தால், ஒவ்வொன்றுக்கும் 240 எண்கள் கொண்ட ஒரு வரிசை கிடைக்கும். அந்த எண்ணும் நரம்பின் மின்துடிப்பு அல்ல. வேலை நடக்கும் இடத்துக்கு ஆக்சிஜன் ஏறிய ரத்தம் கூடுதலாகப் பாயும், காந்தப்புலத்தில் அதன் சுபாவம் வேறு. 1990இல் செய்ஜி ஒகாவா காட்டிய வழி இது. வேலை நடந்து 5, 6 நொடி கழித்துத்தான் அந்த ரத்த அலை உச்சத்துக்கு வரும். நெற்றிக்குப் பின்னால் ஓர் இடம், உச்சந்தலைக்குப் பின்னால் ஓர் இடம், இரண்டின் வரிசைகளையும் எடுத்து r கண்டுபிடிப்பார்கள். சேர்ந்து ஏறி இறங்கினால் இணைப்பு அதிகம், ஆளுக்கொரு பக்கம் போனால் குறைவு. விரலைக்கூட அசைக்காமல் படுத்திருப்பவரின் மூளையில் இடக்கை, வலக்கையை இயக்கும் பகுதிகள் இப்படிச் சேர்ந்து ஏறி இறங்குவதை 1995இல் முதலில் காட்டியவர் பரத் பிஸ்வால். இந்தத் துறையே அங்கிருந்துதான் கிளம்பியது. ஆகவே ‘இணைப்பு குறைந்தது’ என்றால் ஒரு குழுவின் சராசரி r இன்னொரு குழுவின் சராசரியைவிடக் குறைவு என்று பொருள். எதுவும் அறுந்துவிடவில்லை.

(வயரைப் போன்ற நார்களைப் பார்க்க வேறு முறை உண்டு, டிஃப்யூஷன் ஸ்கேன். 2012இல் ஷாங்காயில் இணைய அடிமைத்தனம் கொண்ட 17 பிள்ளைகளை அது இல்லாத 16 பேரோடு ஒப்பிட்டு, அந்த நார்கள் நிறைந்த வெண்பொருளில் வேறுபாடு கண்டார்கள். உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தியான அந்த ஆய்வில் இருந்தவர்கள் மொத்தம் 33 பேர். உங்கள் வகுப்பில் ஒரு செக்‌ஷனே அதைவிடப் பெரிதாக இருக்கும்.)

இனி அந்த r எங்கெல்லாம் கெடும் என்று பாருங்கள். தலை ஒரு மில்லிமீட்டர் அசைந்தாலே போதும்: பக்கத்துப் பகுதிகளின் ஒட்டுறவு பொய்யாகக் கூடும், தூரத்துப் பகுதிகளின் ஒட்டுறவு பொய்யாகக் குறையும். 2012க்குப் பிறகுதான் துறை இதை உறைக்க உணர்ந்தது. எட்டு நிமிடம் போனில்லாமல் அசையாமல் படு என்றால் அதிகம் நெளியப்போவது எந்தக் குழு? தூக்கம் இன்னொன்று. சும்மா படுக்கவைத்து எடுக்கும் ஸ்கேன்களில் மூன்றில் ஒரு பங்குப் பேர் முதல் 3 நிமிடத்துக்குள்ளேயே கண்ணயர்கிறார்கள் என்று 2014இல் ஓர் ஆய்வு காட்டியது. விடிய விடிய விளையாடியவன் இன்னும் சீக்கிரமே தூங்கிப்போவான். தூக்கம் கெட்டாலே இயல்புநிலை வலைப்பின்னலின் இணைப்பு தளர்ந்துபோகும் என்பது தனியாகவே நிறுவப்பட்டது. அப்படியானால் ஸ்கேனில் தெரிவது இணையமா, தூக்கக்கேடா? மனச்சோர்வும் கவனக்குறைவுக் கோளாறும் இதே வலைப்பின்னல்களைத்தான் தொடுகின்றன. அவற்றில் ஒன்று முதலில் வந்து, பிள்ளை அதிலிருந்து ஒதுங்கப் போனுக்குள் போயிருக்கவும் கூடும். ஒரே ஒருமுறை எடுத்த ஸ்கேனால் எது முன், எது பின் என்று சொல்லவே முடியாது.

ஆய்வே பொய் என்று சொல்ல வரவில்லை. நிர்வாக வலைப்பின்னல் தளர்வது வெவ்வேறு ஆய்வகங்களில் திரும்பத் திரும்பத் தென்படுகிறது. மூளையின் முன்பகுதி முதிர இருபதுகளின் நடுப்பகுதி ஆகும் என்பதோடும் அது பொருந்திப்போகிறது. நான் ஏற்காதது, குழுவின் சராசரியை ஒரு பிள்ளையின் தலைமேல் ஏற்றுவதை. மூளைப் படத்துக்கும் நடத்தைக்கும் நம்பகமான தொடர்பு காண ஆயிரக்கணக்கான பேர் தேவை என்று 2022இல் நேச்சர் இதழில் வந்த ஒரு பெரிய ஆய்வு, சுமார் 50,000 பேரின் தரவை வைத்துக் காட்டியது. ஒரே ஆளை வேறொரு நாளில் ஸ்கேன் செய்தால் தனித்தனி இணைப்புகளின் எண்களே கணிசமாக மாறுகின்றன.

உங்களுக்குச் சொல்லப்பட்ட ‘பிரெயின் மேப்பிங்’ பெரும்பாலும் இஇஜிதான். தலையில் மின்முனைகள் ஒட்டி, வரும் அலைகளைச் சிவப்பும் நீலமுமாகக் கலர் போட்டுத் தருவார்கள். வலிப்பு நோய்க்கு இஇஜி அருமையான சோதனை. இணைய அடிமைத்தனம் எத்தனை சதவீதம் என்று சொல்ல அதில் எந்த அளவுகோலும் கிடையாது.

திரும்புமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாற்றம் வேறு, சேதம் வேறு. மூன்று பந்துகளைத் தூக்கிப்போட்டுப் பிடிக்க 3 மாதம் பழகியவர்களின் மூளையில் சில இடங்கள் பருத்தன. பயிற்சியை விட்ட 3 மாதத்தில் அந்தப் பருமன் பெரும்பாலும் வடிந்துபோனது. 2004இல் வெளியான ஆய்வு அது. செய்வதற்கேற்ப மாறிக்கொண்டே இருப்பது மூளையின் அன்றாட வேலை.

நோய் என்று எதைச் சொல்கிறார்கள்? ‘இணைய அடிமைத்தனம்’ என்ற பெயரில் உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் நோய் எதுவும் இல்லை. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11இல் ‘கேமிங் கோளாறு’ உண்டு. விளையாட்டைக் கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட அதற்கு முதலிடம், கெடுதல் கண்ணெதிரே தெரிந்தும் தொடர்வது. இவற்றால் படிப்போ உறவோ உடம்போ கணிசமாகக் கெட்டு, பொதுவாக 12 மாதம் நீடித்திருக்க வேண்டும். எத்தனை மணிநேரம் என்ற கணக்கே அதில் இல்லை. உங்கள் கடிதத்தில் இருப்பது இதற்கு வெகு அருகில் வருகிறது. ஆகவே வீட்டில் செய்வதோடு நிறுத்தாமல் மருத்துவரையும் பாருங்கள்.

வீட்டில் முதலில் இரவைச் சரிசெய்யுங்கள், மற்றதை அப்புறம் பார்க்கலாம். ஒரு வாரம் எந்தத் தடையும் போடாமல் அவனையே ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள்: படுத்த நேரம், எழுந்த நேரம், என்ன ஆப், அதை எடுக்கும் முன் என்ன மனநிலை. போனிலேயே இருக்கும் டிஜிட்டல் வெல்பீயிங் கணக்கை அதோடு ஒப்பிடலாம். மொத்த நேரத்தைவிட, எத்தனை முறை திறந்தான், இரவு 11க்கு மேல் எவ்வளவு என்பதுதான் பயன்படும். இரண்டாவது வாரத்திலிருந்து எழும் நேரத்தை ஞாயிறு உட்பட ஒரே மணிக்கு வையுங்கள். படுக்கும் நேரத்தை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை 15, 20 நிமிடம் முன்னால் இழுங்கள். மூன்று மணிக்குத் தூங்கியவனை மறுநாளே பத்து மணிக்குப் படுக்கச் சொன்னால் இருட்டில் விழித்துக்கிடப்பான், கை போனைத்தான் தேடும்.

சார்ஜர் ஹாலில் இருக்கட்டும், வீட்டிலுள்ள எல்லாருடைய போனும் இரவில் அங்கேதான். உங்கள் கணவரின் போன் தலைமாட்டில் இருந்தால் இது இரண்டு நாள்கூடத் தாங்காது. ‘அலாரம் வைக்கணும்’ என்பான், ஒரு அலாரம் கடிகாரம் வாங்கிக் கொடுங்கள். வைஃபையை அணைப்பதில் பயனில்லை, சிம்மில் டேட்டா இருக்கிறது. அலமாரியில் தூங்கும் பழைய போனையும் மறக்காதீர்கள்.

கேமும் ரீல்ஸும் வேறுவேறு சரக்கு. கேமில் ஒரு மேட்சுக்கு முடிவு உண்டு. நடுவில் பிடுங்கினால் கூட்டாளிகள் முன்னால் அவன் மானம் போகும், சில கேம்களில் நடுவில் விலகினால் தண்டனையும் உண்டு. கதவு உதைபடுவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். ‘இந்த மேட்சோட நிறுத்து, அடுத்தது ஆரம்பிக்காதே’ என்று சொல்லிப் பாருங்கள். ரீல்ஸுக்கு முடிவே இல்லாததால் அந்த ஆப்பைப் போனிலிருந்து நீக்கிவிட்டு, வேண்டுமானால் பிரவுசரில் பார்க்கட்டும். கூடுதலாக நாலு தட்டு தட்ட வேண்டியிருப்பதே பாதி நேரம் கையைத் திருப்பிவிடும்.

ஒரே ஒரு தவறை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். ஐந்து முறை மறுத்துவிட்டு, ஆறாவது முறை கதவு உதைபட்டதும் போனைக் கொடுத்தால், ஆறு முறை உதைக்கக் கற்றுக்கொள்வான். எப்போது பரிசு விழும் என்று தெரியாதபோதுதான் உயிர்கள் விடாமல் முயலும் என்று புறாக்களை வைத்து உளவியலாளர் ஸ்கின்னர் காட்டினார். ரீல்ஸ் அவனைப் பிடித்துவைத்திருப்பதும் அதே கணக்கில்தான். தராதது என்றால் தராததாகவே இருக்கட்டும். முதல் வாரம் எரிச்சலும் கோபமும் கூடும், எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது அந்த நோட்டை எடுத்துச் செல்லுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவே போதும். பெங்களூரு நிம்ஹான்ஸில் இதற்கென்றே ‘ஷட்’ கிளினிக் 2014 முதல் நடக்கிறது. மனச்சோர்வு உண்டா, 12 வயதுக்கு முன்பே கவனக்குறைவு இருந்ததா, பள்ளியில் யாராவது துன்புறுத்துகிறார்களா என்றெல்லாம் கேட்பார்கள், ஒளிக்காமல் சொல்லுங்கள். இதற்கென்று அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை கிடையாது. சிந்தனை, நடத்தை சார்ந்த பேச்சுச் சிகிச்சைதான் முதன்மை, கூட வேறு கோளாறு இருந்தால் அதற்கு மருந்து. சாவைப் பற்றிப் பேசினாலோ தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ நோட்டு முடியும்வரை காத்திருக்காதீர்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இருபத்துநாலு மணிநேரமும், தமிழிலேயே பேசலாம்.

‘மூளை டாக்டர்கிட்ட போறோம்’ என்றால் வரமாட்டான். தூக்கத்துக்காகப் போகிறோம் என்று சொல்லுங்கள், அது பொய்யும் இல்லை. அதற்கும் மறுத்தால் முதல் தடவை நீங்களும் உங்கள் கணவரும் மட்டும் போய் வாருங்கள்.