வளைகாப்பு திருமங்கலத்தில், பிரசவம் ஷார்ஜாவில்

கேள்வி: ஷார்ஜாவில் இந்தியப் பாடத்திட்டப் பள்ளி ஒன்றில் கணித ஆசிரியையாக இருக்கிறேன். முதல் குழந்தை. இப்போது 19 வாரம். செப்டம்பர் 27 என்று தேதி கொடுத்திருக்கிறார்கள். இதுவரை ஒரு தொந்தரவும் இல்லை. கணவருக்கும் இங்கேதான் வேலை. அம்மா, அப்பா மதுரைக்குப் பக்கத்தில் திருமங்கலத்தில் இருக்கிறார்கள். “தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான், ஏழாம் மாதம் வளைகாப்பு முடித்து இங்கேயே இருந்துவிடு” என்கிறார் அம்மா. பள்ளியில் பேறுகால விடுப்பு 60 நாள்தான். ஜூலை முதல் வாரம் கோடை விடுமுறை தொடங்குகிறது. நான் என்ன செய்யட்டும்?

பதில்: வளைகாப்புக்கு ஊருக்கு வாருங்கள். ஜூலை முடிவதற்குள் திரும்பிவிடுங்கள். பிரசவத்தை ஷார்ஜாவிலேயே வைத்துக்கொள்ளுங்கள். செப்டம்பரில் அம்மாவை அங்கே வரவழையுங்கள். அம்மாவுக்கு இது பிடிக்காது என்று தெரியும். மதுரையில் பிரசவம் பார்த்துப் பிழைக்கும் மருத்துவச்சியே மதுரை வேண்டாம் என்கிறாளே என்று நீங்களும் நினைக்கலாம். உங்கள் உடம்புக்கு இரண்டு ஊரும் ஒன்றுதான். இடிப்பது விடுப்புக் கணக்கு.

அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி தனியார் துறையில் பேறுகால விடுப்பு 60 நாட்கள்: முதல் 45 நாட்களுக்கு முழுச் சம்பளம், அடுத்த 15 நாட்களுக்கு அரைச் சம்பளம். பிரசவ தேதிக்கு அதிகபட்சம் 30 நாட்கள் முன்பிருந்து எடுக்கலாம். நீங்கள் ஊரிலேயே தங்கிவிட்டால், ஆகஸ்ட் கடைசியில் பள்ளி திறக்கும் அன்றே விடுப்பைத் தொடங்கியாக வேண்டும். அக்டோபர் கடைசி வாரம் விடுப்பு முடியும்போது குழந்தைக்கு ஒரு மாதம்கூட நிறைந்திருக்காது. அதற்குள் பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், விசா எல்லாம் கைக்கு வருவது கடினம். பிறகு இரண்டே வழிதான். சம்பளமில்லா விடுப்புக்குப் பள்ளியிடம் கெஞ்சுவது. இல்லையென்றால் குழந்தையைப் பாட்டியிடம் விட்டுவிட்டுத் தனியே விமானம் ஏறுவது. இரண்டாவதைச் செய்துவிட்டு, பால் கட்டிய மார்போடு ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து அழும் ஆசிரியைகள் என்னிடம் தொலைபேசியில் பேசியிருக்கிறார்கள். பாட்டி வளர்ப்பில் தவறில்லை. ஆனால் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே என்று நாங்கள் சொல்லிக்கொண்டே இருப்பதற்கு அங்கே வழியில்லாமல் போகிறது.

அங்கேயே பிரசவமானால் இதே 60 நாட்களை வேறு மாதிரி செலவழிக்கலாம். விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும்போது உங்களுக்கு 36 வாரம் நெருங்கியிருக்கும். உடம்பு இடம் கொடுத்தால் இரண்டு வாரம் வேலைக்குப் போங்கள். நாற்காலியில் உட்கார்ந்து பாடம் நடத்துவதற்கும் தரைத்தள வகுப்புகளுக்கும் இப்போதே கேட்டு வையுங்கள். 38-வது வாரத்தில் விடுப்பைத் தொடங்கினால் குழந்தையோடு ஆறு வாரத்துக்கு மேல் கிடைக்கும். வேலைக்குத் திரும்பிய பிறகும், பிரசவத்திலிருந்து ஆறு மாதம் வரை, பாலூட்டுவதற்கு நாளுக்கு ஒரு மணி நேரம் சட்டமே தருகிறது. குழந்தையின் தகப்பனாருக்கு ஐந்து நாள் விடுப்பு உண்டு. பள்ளிகள் இவற்றைத் தாமாக முன்வந்து சொல்வது அபூர்வம்.

என் பதிலை மாற்றக்கூடிய விஷயம் காப்பீடு. உங்கள் காப்பீட்டு அட்டையில் பேறுகாலத்துக்குக் காத்திருப்புக் காலம் இருக்கிறதா, சிசேரியன் ஆனால் எவ்வளவு வரை தருவார்கள், கையிலிருந்து எத்தனை சதவீதம், பிறந்த குழந்தை இன்குபேட்டரில் இருக்க நேர்ந்தால் யார் கட்டுவது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பல திட்டங்களில் முதல் 30 நாட்கள் குழந்தை தாயின் காப்பீட்டிலேயே அடங்கும். எல்லாவற்றிலும் அப்படி இல்லை. பேறுகாலம் அறவே இல்லையென்று பதில் வந்தால் அங்கே ஆகும் செலவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சம்பளமில்லா விடுப்பு எடுத்து ஊருக்கு வருவதே மேல் என்றாகலாம்.

இனி வளைகாப்பு. வீட்டார் சொல்லும் மாதக் கணக்கும் மருத்துவர் சொல்லும் வாரக் கணக்கும் ஒன்றாக இருப்பதில்லை. ஆறு மாதம் முடிந்து ஏழு பிறந்ததுமே வீட்டில் ஏழாம் மாதம் என்பார்கள். நாங்கள் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து வாரங்களை எண்ணுகிறோம். நீங்கள் ஜூலை 5 வாக்கில் வந்து இறங்கினால் அன்று 28 வாரம். இரண்டு கணக்குக்கும் ஏழாம் மாதம் பொருந்திவிடும். ஆனால் ஜூலை 17-ஐ ஒட்டி ஆடி பிறந்துவிடும். ஆடியில் வளை அடுக்க எந்த அத்தையும் சம்மதிக்க மாட்டார். ஆக ஆனிக் கடைசிப் பத்து நாட்களுக்குள் நாள் பார்க்கச் சொல்லி இன்றே அம்மாவுக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். ஒன்பதாம் மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது தள்ளிப்போட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அப்போது விமானத்தில் ஏற்ற மாட்டார்கள்.

விமான நிறுவனங்களின் விதி பொதுவாக இதுதான்: 28 அல்லது 32 வாரத்துக்குப் பிறகு மருத்துவரின் சான்று வேண்டும், ஒற்றைக் குழந்தை என்றால் 36 வாரத்துக்குப் பிறகும், இரட்டை என்றால் 32 வாரத்துக்குப் பிறகும் பயணம் இல்லை. நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். டிக்கெட் எடுக்கும் முன் பாருங்கள். ஆகஸ்ட் 2 அன்று உங்களுக்கு 32 வாரம் நிறையப் போகிறது. அதனால்தான் ஜூலைக்குள் திரும்பச் சொல்கிறேன். வரும்போது ஷார்ஜா மருத்துவரிடம் ஒரு சான்று, போகும்போது இங்கே ஒரு சான்று, இரண்டும் பயணத்துக்குச் சில நாட்கள் முன்பு எழுதியதாக இருக்கட்டும். சான்றில் வாரம், பிரசவ தேதி, ஒற்றைக் குழந்தை, பயணம் செய்யலாம் என்ற நான்கும் இருக்க வேண்டும்.

நான்கு மணி நேரப் பயணத்தில் கவலைப்பட வேண்டியது காலில் ரத்தம் உறைவதைப் பற்றித்தான். கர்ப்ப காலத்தில் ரத்தம் உறையும் தன்மை இயல்பிலேயே கூடுகிறது. நடைபாதை ஓர இருக்கை வாங்கி, மணிக்கு ஒருமுறை எழுந்து நடந்து, தண்ணீர் குடித்துக்கொண்டே வாருங்கள். சீட் பெல்ட்டை வயிற்றுக்குக் கீழே, தொடையை ஒட்டிப் போடுங்கள். நேரடியாக மதுரைக்கு டிக்கெட் கிடைக்காவிட்டால் திருச்சியில் இறங்கிக் காரில் வரலாம். சென்னையில் இறங்கி ராத்திரி முழுக்கப் பேருந்தில் குலுங்கி வர வேண்டாம்.

கிளம்பும் முன் அங்கேயே முடிக்க வேண்டியவை சில. 24 முதல் 28 வாரத்துக்குள் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் சர்க்கரைப் பரிசோதனை. கர்ப்பகால நீரிழிவு நம் பெண்களுக்கு அதிகம். வளைகாப்பில் ஆளுக்கொரு வாய் சர்க்கரைப் பொங்கல் ஊட்டுவதற்கு முன் அந்த முடிவு கையில் இருப்பது நல்லது. உங்கள் ரத்த வகை நெகட்டிவ், கணவருடையது பாசிட்டிவ் என்றால் 28-வது வாரத்தில் ஆன்டி-டி ஊசி போட வேண்டும். நீங்கள் பெட்டி கட்டும் வாரமும் அதுதான். அந்த ஊர் மருத்துவர் இங்கே போடுவார்கள் என்று நினைத்து, இங்குள்ளவர் அங்கே போட்டிருப்பார்கள் என்று நினைத்து, ஊசி விட்டுப்போவதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு. ரத்தப் பரிசோதனைகள், ஸ்கேன் அறிக்கைகள், போட்ட தடுப்பூசிகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் அடுக்கிக் கைப்பையில் வையுங்கள்.

ஸ்கேனைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அங்கே குழந்தை ஆணா பெண்ணா என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். இங்கே 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி சொல்வதும் குற்றம், கேட்பதும் குற்றம். உசிலம்பட்டியின் பெயர் எண்பதுகளில் பெண் சிசுக்கொலைக்காக நாடு முழுக்கப் பேசப்பட்டதை நம் வட்டாரத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை. தெரிந்திருந்தாலும் வளைகாப்புப் பந்தலில் அறிவித்துவிடாதீர்கள். தெரிந்த மறுநிமிடம் சில முகங்கள் மாறும். ஏழு மாத வயிற்றோடு அதைப் பார்க்க வேண்டியதில்லை.

ரத்த அழுத்தம் ஏறியிருந்தால், நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாயை மூடியபடி இருந்தால், ரத்தக்கசிவு இருந்தால், கர்ப்பப்பை வாயின் நீளம் குறைந்திருக்கிறது என்று சொன்னால், இந்தப் பயணமே வேண்டாம். வளைகாப்பை அங்குள்ள தோழியர் நடத்தட்டும். ஊரில் இருக்கும்போது தலைவலியோடு பார்வை மங்கல், முகத்தில் வீக்கம், நீர் கசிவு, குழந்தையின் அசைவு குறைவது இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். நேரம் காலம் பார்க்க வேண்டாம். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் இரவும் பகலும் மகப்பேறு மருத்துவர்களும் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவும் உண்டு.

“வளைகாப்பு முடிந்தவள் தாய்வீட்டில்தான் இருக்க வேண்டும்” என்று பந்தலிலேயே பேச்சு எழும். அந்தச் சடங்கின் உள்ளே இருக்கும் கவலை நியாயமானது: முதல் பிரசவத்தில் பெற்றவள் பக்கத்தில் இருக்க வேண்டும். அதற்காகத்தான் அம்மாவை அழைக்கச் சொல்கிறேன். அம்மாவிடம் பாஸ்போர்ட் இல்லையென்றால் இந்த மாதமே விண்ணப்பியுங்கள். மதுரை மண்டலப் பாஸ்போர்ட் அலுவலகம் ரேஸ்கோர்ஸ் பக்கம் இருக்கிறது. சுற்றுலா விசாவில் 60 நாள் வகையாகப் பார்த்து எடுங்கள். செப்டம்பர் இரண்டாம் வாரம் வந்தால் நவம்பர் இரண்டாம் வாரம் வரை, ஏறக்குறைய உங்கள் விடுப்பு முடியும் வரை, உடன் இருப்பார்.

அம்மா கட்டும் பெட்டியை நீங்கள் வீடியோ அழைப்பில் பார்த்தே தீர வேண்டும். அமீரகத்தில் கசகசா போதைப்பொருள் பட்டியலில் இருக்கிறது. விமான நிலையத்தில் பிடிபட்டால் பேச்சுக்கு இடமில்லை. தனியாக ஒரு பொட்டலம் வைக்காவிட்டாலும் அரைத்த மசாலாவில், நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய பிரசவ மருந்துப் பொடியில், லேகியத்தில் அது கலந்திருக்கலாம். என்னென்ன போட்டது என்று தெரியாத எந்தப் பொடியும் பெட்டியில் ஏற வேண்டாம். சுக்கு, மிளகு, பூண்டு, நல்லெண்ணெய், கருப்பட்டி எல்லாம் ஷார்ஜாவிலேயே கிடைக்கின்றன. பத்தியக் குழம்புக்கு அவை போதும். கோடீன் கலந்த இருமல் மருந்து வேண்டவே வேண்டாம். அம்மா தினமும் சாப்பிடும் மாத்திரைகளை மருந்துச் சீட்டோடு எடுத்து வரட்டும். குழந்தைக்குச் சேனை வைப்பது (பிறந்ததும் நாவில் இனிப்புத் தொட்டு வைப்பது), வசம்பு உரசிக் கொடுப்பது, சர்க்கரைத் தண்ணீர் புகட்டுவது இவற்றை அம்மா கேட்டால் மரியாதையாக மறுத்துவிடுங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால், அவ்வளவுதான்.

காகிதங்களில் முதலில் வருவது உங்கள் திருமணச் சான்றிதழ். அங்கே பிறப்பைப் பதிவு செய்யச் சான்றொப்பமிட்ட திருமணச் சான்றிதழ் கேட்பார்கள். மண்டபத்தில் தந்த ரசீதோ கோயில் சீட்டோ செல்லாது. சார்பதிவாளர் அலுவலகச் சான்றிதழ் வேண்டும். அதில் மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என்று வரிசையாக முத்திரை விழ வாரங்கள் ஆகும். அப்பா இப்போதே தொடங்கட்டும். குழந்தை பிறந்ததும் இந்தியத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிவு செய்து பாஸ்போர்ட் வாங்குங்கள். பிறந்த 120 நாட்களுக்குள் அமீரக வசிப்பு விசா எடுத்துவிட வேண்டும். தூதரகப் பதிவுக்குச் சட்டம் ஓராண்டு தருகிறது. அதைத் தாண்டினால் இந்தியக் குடியுரிமைக்கு மத்திய அரசின் அனுமதி கேட்டு அலைய வேண்டிவரும்.

திட்டம் மாறி ஊரிலேயே பிரசவம் ஆகிவிடலாம். ஜூலையில் ரத்த அழுத்தம் ஏறினால் நானே உங்களை விமானத்தில் ஏற விட மாட்டேன். அதற்கும் தயாராக வாருங்கள். தமிழ்நாட்டில் பிறப்புச் சான்றிதழ் வாங்கத் தாய்க்கு ஆர்.சி.எச். எண் என்ற 12 இலக்கக் கர்ப்பிணிப் பதிவு எண் வேண்டும். தமிழக அரசின் பிக்மி (PICME) இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். திருமங்கலத்தில் அம்மா வீட்டுப் பகுதிச் சுகாதார செவிலியர் விவரம் பார்த்து எண்ணைத் தருவார். ஊருக்கு வந்த முதல் வாரத்திலேயே வாங்கி வையுங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் பெண்கள் பிரசவ வலியோடு சேரும்போதுதான் இந்த எண்ணைப் பற்றிக் கேள்விப்படுகிறார்கள்.

குழந்தையின் பெயரையும் தள்ளிப்போடாதீர்கள். 21 நாட்களுக்குள் பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும். பெயரைப் பின்னால் சேர்க்கச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் பெயரில்லாத சான்றிதழ் பாஸ்போர்ட்டுக்கு உதவாது. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த தேதிக்கு அந்தச் சான்றிதழ் ஒன்றே ஆதாரம். மருத்துவமனையில் படிவம் நிரப்பும் பெரியம்மா “எஸ். கார்த்திக்” என்று தகப்பன் பெயரை எழுதிவிடுவார், அவர் பாஸ்போர்ட்டிலோ தலைப்பெழுத்து விரிந்து சுந்தரம் கார்த்திக் என்றிருக்கும். இருவர் பாஸ்போர்ட் நகலையும் படிவத்தோடு சேர்த்தே கொடுத்து, அதே எழுத்துக்கூட்டலில் எழுதச் சொல்லுங்கள். இன்னொன்று: அமீரகத்துக்கு வெளியே தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் உங்கள் வசிப்பு விசா காலாவதியாகும். ஜூலை 5 கிளம்பினால் ஜனவரி பிறப்பதற்குள் அங்கே இறங்கியிருக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் முதல் வேலை, பள்ளி முதல்வருக்கு ஒரு கடிதம். பிரசவ தேதி, விடுப்பு தொடங்கும் தேதி, திரும்பும் தேதி, பாலூட்டும் நேரம் நான்கையும் எழுதி, இந்த வாரமே மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள்.