நடக்க விடாத முழங்கால், குறைய வேண்டிய எடை

கேள்வி: அக்கா, எனக்கு வயது 38. மட்டக்களப்புக் கல்லடியில் இருக்கிறேன். கந்தோரில் நாள் முழுக்கக் கதிரையில் இருந்து பார்க்கும் வேலை. உயரம் 155 சென்ரிமீற்றர், எடை 72 கிலோ. முழங்காலில் தேய்வு தொடங்கியிருக்கிறது, எடையைக் குறையுங்கள், ஓடவோ துள்ளவோ வேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். கூட வேலை செய்யும் ஆக்கள் காலையில் கடற்கரையில் வேகமாக நடக்கிறார்கள். நான் பத்து நிமிடம் நடந்தாலே அன்று இரவு கால் வீங்குகிறது. "நடக்காமல் ஒரு கிராமும் குறையாது" என்கிறார்கள். போன மாதம் சோற்றை அடியோடு விட்டேன். இரண்டு கிழமையில் மூன்று கிலோ குறைந்தது. திரும்பச் சாப்பிட்டதும் அப்படியே ஏறிவிட்டது. எங்கள் வீட்டில் சமைப்பது அம்மா. ஒரே வளவுக்குள் இருக்கிறோம், சாப்பாடு வேண்டாம் என்றால் அவ முகம் வாடிவிடும். ஃபேஸ்புக்கில் விற்கும் மெலிவதற்கான கோப்பித் தூள் வாங்கலாமா என்றும் யோசிக்கிறேன். கலோரிக் கணக்கு மட்டும் பார்த்து எடையைக் குறைக்க முடியுமா?

பதில்: முடியும், தங்கச்சி. நடக்க முடியவில்லையே என்று நீங்கள் உங்களையே நோகவேண்டிய தேவை கொஞ்சமும் இல்லை.

ஒரு கணக்கைப் பாருங்கள். உங்கள் எடையுள்ள ஒருவர் அரை மணித்தியாலம் வேகமாக நடந்தால் 130, 140 கலோரி செலவாகும். பால்மா இரண்டு கரண்டி குவித்துப் போட்டு, சீனி மூன்று கரண்டி போட்ட ஒரு பால் தேத்தண்ணியில் ஏறத்தாழ 120 கலோரி இருக்கிறது. கடற்கரையில் அவ்வளவு தூரம் வியர்க்க நடந்தது ஒரு தேத்தண்ணிக்குச் சரி. நடை கூடாது என்று சொல்ல வரவில்லை. இருதயத்துக்கும் சீனி வருத்தம் வராமல் காப்பதற்கும் அது நல்லது, குறைத்த எடை திரும்ப ஏறாமல் இருக்கவும் பின்னால் உதவும். ஆனால் எடையை இறக்கும் வேலையில் பெரும்பங்கு சாப்பாட்டுக்குத்தான். முழங்கால் சரியாகும் வரைக்கும் அதை வைத்தே தொடங்கலாம்.

உங்கள் உடம்பு எவ்வளவு செலவழிக்கிறது என்று முதலில் பார்ப்போம். உணவாலோசகர்கள் பாவிக்கும் ஒரு சூத்திரம் இருக்கிறது. பெண்களுக்கு: எடையை 10 ஆல் பெருக்கி, உயரத்தை 6.25 ஆல் பெருக்கிக் கூட்டி, வயதை 5 ஆல் பெருக்கிக் கழித்து, மேலும் 161 ஐக் கழிக்க வேண்டும். உங்கள் இலக்கங்களைப் போட்டால் 1,340 அளவில் வருகிறது. சும்மா படுத்திருந்தாலும் மூச்சுக்கும் இருதயத்துக்கும் உடற்சூட்டுக்கும் உடம்பு கேட்கும் அளவு அது. கந்தோர் வேலை, வீட்டு வேலை எல்லாம் சேர்த்தால் நாளைக்கு 1,740 என்று வைக்கலாம். நீங்கள் 1,300 சாப்பிட்டால் நாளுக்கு 440 மிச்சம் பிடிபடும். உடம்புக் கொழுப்பு ஒரு கிலோ என்பது ஏறத்தாழ 7,700 கலோரி. ஆகவே கிழமைக்கு 400 கிராம் குறையும். இது மெதுவாகத்தான் இருக்கும். எடை இறங்க இறங்க உடம்பின் தேவையும் கொஞ்சம் இறங்குவதால் போகப் போக இன்னும் மெதுவாகும். ஆனாலும் ஆறு மாதத்தில் 66 கிலோவுக்கு வருவது நடக்கக்கூடிய காரியம். 1,200 க்குக் கீழே டொக்டரின் மேற்பார்வை இல்லாமல் போகவே வேண்டாம். அவசரமாக மெலிந்தால் தசை கரையும், பித்தப்பையில் கல் வரவும் இடமுண்டு.

போன மாதம் குறைந்த மூன்று கிலோவில் பெரும்பகுதி கொழுப்பல்ல, தண்ணீர். ஈரலிலும் தசையிலும் உடம்பு மாப்பொருளைச் சேமித்து வைத்திருக்கும். அதில் ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் அளவு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோற்றை நிறுத்தியதும் அந்தச் சேமிப்பு கரைந்து தண்ணீரும் வெளியேறியது. திரும்பச் சாப்பிட்டதும் வந்து சேர்ந்தது. உங்கள் மனவுறுதியில் ஒரு குறையும் இல்லை. சோறில்லாமல் நம்முடைய ஊரில் எத்தனை நாளைக்கு இருக்க முடியும், சொல்லுங்கள்? சோற்றை விடவேண்டாம், அளக்கவேண்டும்.

அவித்த சோறு 100 கிராமில் 130 கலோரி அளவு இருக்கிறது. வீட்டில் தேத்தண்ணி குடிக்கும் கோப்பையை எடுத்து, நிரப்பி மட்டமாக வெட்டினால் 150 கிராம் அளவில் சோறு பிடிக்கும், அதாவது 200 கலோரி. மத்தியானம் பீங்கானில் வழமையாக நீங்கள் போடும் சோற்றை ஒருநாள் அந்தக் கோப்பையால் அளந்து பாருங்கள். மூன்று கோப்பை வரும் என்று நினைக்கிறேன். கடைச் சோத்துப் பார்சல் என்றால் அதற்கும் மேலே வரலாம். சிவப்பரிசியா வெள்ளையரிசியா என்று பலர் கேட்பார்கள். தவிடு நீக்காத சிவப்பரிசி பசியைக் கொஞ்சம் கூடத் தாங்கும், கலோரியில் பெரிய வித்தியாசம் கிடையாது.

ஆனால் நம்முடைய பக்கத்துச் சாப்பாட்டில் கணக்கு பிழைக்கும் இடம் சோறல்ல, தேங்காய். இதை நான் என் வீட்டுக் குசினியில்தான் கற்றுக்கொண்டேன். இரண்டு மாதம் சோற்றைக் கவனமாக அளந்தும் எனக்கு எடை அசையவில்லை. ஒருநாள் சம்பலுக்கு எடுத்த தேங்காய்ப்பூவைத் தராசில் வைத்தபோதுதான் விளங்கியது. தேங்காய்ப்பூ 100 கிராமில் 350 கலோரி இருக்கிறது, அதே நிறைச் சோற்றைவிட இரண்டரை மடங்குக்கும் மேல். காலையில் புட்டுக்குத் தேங்காய்ப்பூ, பக்கத்தில் சம்பல், மத்தியானம் தேங்காய்ப்பால் விட்டு வைக்கும் பாலாணம், மரக்கறிக்கு முதற்பால், சுண்டலுக்குப் பூ, இரவு இடியப்பத்துக்குச் சொதி. ஒன்றுமே நிறையச் சாப்பிடவில்லை என்று நாங்கள் உண்மையாகவே நம்புவோம், ஏனென்றால் தேங்காய் தனியாகக் கண்ணில் படுவதில்லை. எண்ணெயும் அப்படித்தான். ஒரு மேசைக்கரண்டித் தேங்காயெண்ணெய் 120 கலோரி. ஒரு துண்டு மீனைப் பொரித்து எடுக்கும்போது அது குடித்த எண்ணெயை யாரும் எண்ணுவதில்லை.

அதற்காகத் தேங்காயை வீட்டை விட்டுத் துரத்தவும் தேவையில்லை. கொழுப்பின் பெரும்பகுதி முதற்பாலில் போய்விடும், இரண்டாம் மூன்றாம் பாலில் சொதி வைத்தாலும் மணம் இருக்கும். ஒரு நேரத்துக்கு ஒரு தேங்காய்க் கறி போதும். பாலாணம் இருக்கும் நாளில் மரக்கறி பால் விடாமல் இருக்கட்டும். மீனைப் பொரிக்காமல் தேங்காய்ப்பால் விடாத புளியாணமாக வைத்தால் அந்த ஒரு மாற்றத்திலேயே நூறு கலோரிக்கு மேல் கழியும்.

மீன் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். உடற்பயிற்சி இல்லாமல் சாப்பாட்டை மட்டும் குறைத்தால் கொழுப்போடு சேர்ந்து தசையும் கரையும். முழங்காலைத் தாங்கிப் பிடிப்பது தொடைத் தசைதான், அதை நீங்கள் இழக்கவே கூடாது. ஆகவே நாளுக்கு 70, 80 கிராம் புரதம் வேண்டும். வாவியும் கடலும் பக்கத்தில் இருக்கும் எங்களுக்கு இது பெரிய கஷ்டமில்லை. சமைத்த மீன் 100 கிராமில் 20 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது, கலோரி 100 இலிருந்து 130 வரை. இறாலும் கணவாயும் அதைவிடக் குறைந்த கலோரி. அவித்த முட்டை ஒன்றில் 6 கிராம். விலை கூடிய நாட்களில் பருப்பு, பயறு, கௌபி கைகொடுக்கும்.

உங்கள் நாளை நான் இப்படிப் போடுவேன். விடியப் பால்மா ஒரு கரண்டி, சீனி ஒரு கரண்டி போட்ட தேத்தண்ணி. காலைக்கு அவித்த பயறு ஒரு கோப்பை, மேலே ஒரு கரண்டி தேங்காய்ப்பூ, ஒரு முட்டை. பாண்தான் கிடைக்கிறது என்றால் கால் இறாத்தலில் 300 கலோரி என்பதை மனதில் வையுங்கள், சம்பல் சேரும்போது கூடிவிடும். மத்தியானம் ஒன்றரைக் கோப்பை சோறு, புளியாணத்தில் இரண்டு துண்டு மீன், அரைக் கோப்பை பருப்பு, முருங்கையிலையோ பொன்னாங்காணியோ சுண்டி ஒரு பெரிய கைப்பிடி. பின்னேரம் சீனி இல்லாத பிளேன்ரீ, ஒரு கொய்யாப்பழம் அல்லது இரண்டு கீலம் பப்பாசி. இரவு ஒரு கோப்பை சோறு, மீன், மரக்கறி. கூட்டிப் பார்த்தால் 1,300 க்கும் 1,400 க்கும் இடையில் நிற்கும். பசி வயிற்றைக் கிள்ளாது. எருமைத் தயிர் ஆசையா? 100 கிராமில் 100 கலோரி அளவுதான், அரைக் கோப்பை சாப்பிடலாம். அதன்மேல் ஊற்றும் பாணியும் சீனியும்தான் பாரம்.

நீங்கள் கந்தோரில் குடிக்கும் தேத்தண்ணி எத்தனை என்று எழுதவில்லை. நாளுக்கு நாலு என்றால் முன்னால் சொன்ன கணக்கில் 480 கலோரி. உங்களுக்கு வேண்டிய 440 ஐவிடக் கூட! போத்தலில் அடைத்த சோடா வகை குடிப்பீர்களானால் லேபிளில் இருக்கும் நிற வட்டத்தைப் பாருங்கள். 2016 இலிருந்து நம் நாட்டில் அது கட்டாயம். சிவப்பு என்றால் 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி.

சமையலறைத் தராசு ஒன்று வாங்குங்கள். முதல் இரண்டு கிழமை எல்லாவற்றையும் நிறுத்துக் கொப்பியில் எழுதுங்கள். ருசி பார்க்கும் ஒரு கரண்டி, பிள்ளை மிச்சம் விட்ட இரண்டு வாய், எல்லாவற்றையும் எழுத வேண்டும். அப்புறம் கண்ணே அளக்கப் பழகிவிடும், தராசு அலுமாரிக்குப் போகலாம். ஆயுள் முழுக்க நிறுத்துச் சாப்பிடச் சொல்லி யாரையும் நான் கேட்கமாட்டேன்.

எடையைத் தினமும் பார்த்து மனம் உடைய வேண்டாம். மாதவிடாய்க்கு முந்திய நாட்களில் ஒரு கிலோ, இரண்டு கிலோ தண்ணீரால் ஏறும். கருவாடு சாப்பிட்ட அடுத்த நாளும் ஏறும். கிழமைக்கு ஒருநாள், காலையில் வெறுவயிற்றில், ஒரே தராசில் பாருங்கள். தையல் டேப்பால் இடுப்பையும் அளந்து பாருங்கள். நம் பகுதிப் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றருக்குள் இருப்பது நல்லது. முதல் 5 வீதம், உங்களுக்கு மூன்றரைக் கிலோ, குறைந்தாலே இரத்தத்தில் சீனியும் பிரஷரும் நல்ல பக்கம் திரும்பத் தொடங்கும். முழங்காலுக்கு இன்னும் நல்ல செய்தி: உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், வைக்கும் ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் விழும் பாரம் நாலு கிலோ அளவு குறைகிறது.

ஓட்டமும் நடையும் வேண்டாம், சரி. ஆனால் கதிரையில் இருந்தபடி செய்யக்கூடியது உண்டு. ஒரு காலை நேராக நீட்டி உயர்த்தி ஐந்து எண்ணும் வரை பிடித்து இறக்குங்கள், பத்துத் தடவை, பிறகு மற்றக் கால். ஒன்றரை லீற்றர் போத்தல் இரண்டில் தண்ணீர் நிரப்பித் தோளுக்கு மேலே தூக்கி இறக்குங்கள். சுவரில் கையை ஊன்றித் தள்ளுங்கள். கிழமையில் மூன்று நாள் போதும். தொடங்கும் முன் ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சிச் சிகிச்சையாளரிடம் முழங்காலைக் காட்டிவிடுங்கள். பல அரச ஆஸ்பத்திரிகளில் 35 வயது கடந்தவர்களுக்கு எடை, பிரஷர், சீனி எல்லாம் இலவசமாகப் பார்க்கிறார்கள், அங்கேயும் ஒருமுறை போங்கள். தைரொயிட்டையும் பார்க்கவேண்டுமா என்று கேளுங்கள். சீனி வருத்தத்துக்குக் குளிசையோ ஊசியோ எடுப்பவராக இருந்தால் டொக்டரிடம் சொல்லாமல் சாப்பாட்டைக் குறைக்க வேண்டாம், சீனி சட்டென்று இறங்கி மயக்கம் வரலாம்.

அந்தக் கோப்பித் தூளை வாங்காதீர்கள். மெலிவதற்கென்று விற்கும் இப்படியான பொருட்களில் சிபுட்ரமின் என்ற மருந்தை லேபிளில் போடாமல் கலந்திருந்தது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. மாரடைப்பு, பக்கவாத ஆபத்து கூடுவதால் 2010 இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விற்பனையில் இருந்து எடுக்கப்பட்ட மருந்து அது. அந்தக் காசுக்கு மீன் வாங்குங்கள்.

இனி அம்மா. உங்கள் கடிதத்தில் என் மனம் கூட நேரம் நின்ற இடம் அதுதான். நம் பக்கத்தில் மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு அதே வளவில் தாய் இருப்பது வழக்கம். ஆணச்சட்டி இரண்டு வீட்டுக்கும் ஒன்றுதான். அவ்வளவு அன்போடு ஆக்கித் தருபவரிடம் "வேண்டாம்" என்ற சொல் முகத்தில் அறைந்தது போலத்தான் படும். ஆகவே வேண்டாம் என்று சொல்லாதீர்கள். "முழங்கால் நோகுது அம்மா, எடை குறைந்தால் சுகமாகும் என்று டொக்டர் சொன்னவர், நீங்கள்தான் செய்து தரவேண்டும்" என்று உதவி கேளுங்கள். முதற்பால் விடுவதற்கு முன் உங்கள் பங்கை ஒரு சின்னச் சட்டியில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். மீனில் ஒரு துண்டு கூடப் போடச் சொல்லுங்கள், மகள் சாப்பிடுகிறாள் என்ற நிம்மதி அவவுக்கும் இருக்கும். சோற்றை மட்டும் நீங்களே கோப்பையால் அளந்து போடுங்கள்.

வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு வரும், அதற்கிடையில் கல்யாணமும் சாமத்திய வீடும் வரும். அன்றைக்குப் போய்ச் சந்தோசமாகச் சாப்பிடுங்கள். அடுத்த நாள் பட்டினி கிடந்து ஈடுகட்டப் போகாதீர்கள், விடிந்ததும் அதே பயறு, அதே ஒன்றரைக் கோப்பை சோறு.